வெறுங்கை நடவு

என்னால் ஓர் இடத்தில் உட்கார முடியாது. கல்யாணப் பந்தியில் பாயசம் வருவதற்குள் எழுந்துவிடுவேன். சலூனில் ஒரு பக்கக் கிருதா முடிவதற்குள் நெளிய ஆரம்பித்துவிடுவேன். ஏற்கெனவே விளையாட்டில் சப்பிப்போன காதோடு வருகிற ஆள் என்பதால், முடி வெட்டுபவர் கத்தியை மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு, “நீங்க ஆடி முடிங்க சார், அப்புறம் நான் ஆரம்பிக்கிறேன்” என்பார். நீடாமங்கலத்தில் ரயில்வே கேட் போட்டால் ஊரே வண்டியை அணைத்துவிட்டுப் போனைப் பார்க்கும். நான் பைக்கைத் திருப்பி ஏதாவது ஒரு வாய்க்கால் கரையோடு போய்விடுவேன். எங்கே போகிறேன் என்று எனக்கே தெரியாது. ஒரு தடவை அப்படிப் புறப்பட்டவன் கோடியக்கரையில் போய் நின்றேன். பறவை பார்க்க எங்கெங்கிருந்தோ கேமராவோடு ஆட்கள் வருகிற இடம். நான் உப்பளத்தை ஒரு பார்வை பார்த்தேன், ஒரு டீ குடித்தேன், திரும்பிவிட்டேன்.

இது என் சுபாவமா, வியாதியா? எனக்கு அதுதான் தெரிய வேண்டும். வேறு எதைப் பற்றியும் எனக்குப் பெரிய கவலை கிடையாது.

தஞ்சாவூரில் நான் பார்க்கிற நரம்பு டாக்டரிடமும் இதைத்தான் கேட்டேன். விளையாடின காலத்தில் தலையில் வாங்கிய அடிகளை எல்லாம் ஞாபகம் இருக்கிற வரைக்கும் சொன்னேன். அவர் ஸ்கேனை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

“இதுல ஒண்ணும் தெரியலை. தெரியலைங்கிறதால இல்லைன்னு சொல்லிட முடியாது. சிலருக்குப் பல வருஷம் கழிச்சு வெளியில வரும். சிலருக்கு வராமலே போயிரும். மறதி, திடீர்க் கோபம், இருப்புக்கொள்ளாம தவிக்கிறது, இதெல்லாம் கூடுதான்னு வீட்டுல இருக்கிறவங்க பாத்துக்கணும்.”

பக்கத்தில் இருந்த என் மனைவி, “இந்த மூணும் கல்யாணத்தன்னைக்கே இருந்துச்சு டாக்டர்” என்றாள். டாக்டர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

அன்றிலிருந்து அவள் தினமும் காலையில் டிபன் பாக்ஸ் கட்டிக்கொண்டே எனக்குப் பரீட்சை வைக்கிறாள். அவள் பள்ளிக்கூடத்து டீச்சர், கேள்வி கேட்பது அவளுக்குப் பழக்கம். “இன்னைக்கு என்ன கிழமை? நேத்து என்ன கொழம்பு? கடைசியா வீட்டுக்கு யாரு வந்தா?” இந்த முறையை அவளுக்குச் சொல்லிக் கொடுத்ததே நான்தான். ரக்பியில் ஒருவன் தலையில் அடிபட்டு விழுந்தால் டாக்டர் ஓடிவந்து பக்கத்தில் மண்டியிட்டு இப்படித்தான் கேட்பார். இது எந்த மைதானம், முதல் பாதியா இரண்டாம் பாதியா, கடைசியாகப் புள்ளி எடுத்தது யார். சரியாகச் சொன்னால் ஆடலாம், உளறினால் வெளியே. நான் வீட்டில் இன்னும் உளறவில்லை. ஆனால் பதில் சொல்லும்போது எரிச்சல் வந்து குரல் உயரும். “கோபம் கூடியிருக்கு” என்று அவள் மூடியை அழுத்துவாள்.

நான் இந்தியாவுக்காக ரக்பி ஆடியவன். இதைச் சொன்னால் எங்கள் பக்கத்தில் அடுத்த கேள்வி, “அப்படின்னா?” என்பதுதான். கபடி மாதிரிதான், பந்தோடு என்பேன். பந்து முட்டை வடிவத்தில் இருக்கும், கையில் பிடித்துக்கொண்டு முட்டி மோதி ஓட வேண்டும், எதிராளியின் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் அழுத்தி வைத்தால் புள்ளி. அப்படி வைப்பதற்கு ட்ரை என்று பெயர். இவ்வளவு போதும். ஒரு பெரியவர் மட்டும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “அதுக்கு ஏன்யா இத்தன பேரு கட்டிப்புடிச்சு உருளுறீங்க, அவனவன்கிட்ட ஒரு பந்தக் குடுத்துர வேண்டியதுதானே” என்றார். எனக்கும் பல மைதானங்களில் அந்தச் சேற்றுக்கு அடியில் கிடந்தபோது அப்படித் தோன்றியிருக்கிறது.

சென்னையில் கல்லூரியில் குண்டு எறிகிறவனாகத்தான் சேர்ந்தேன். என் கழுத்தையும் தோளையும் பார்த்த ஒரு பயிற்சியாளர், “உனக்கு வேற வேலை இருக்கு” என்று இந்தப் பக்கம் இழுத்துவிட்டார். முன்வரிசையில் நின்று எதிர் அணியின் முன்வரிசையோடு தலையைக் கோத்துத் தள்ளுகிற ஆள் நான். பின்னால் இருப்பவர்கள் பலத்தை எல்லாம் என் முதுகில் ஏற்றுவார்கள், முன்னால் இருப்பவன் என் காதைத் தேய்ப்பான். இந்த இடத்தில் ஆடுகிறவனுக்கு ட்ரை வைக்க வாய்ப்பே வராது. பந்தை எடுத்துக்கொண்டு ஓடிப் பேர் வாங்குகிறவர்கள் ஒல்லியாக, தலைமுடி கலையாமல் இருப்பார்கள். நாங்கள் குவியலுக்கு அடியிலிருந்து எழுந்து பார்க்கும்போது அவர்கள் கட்டிப்பிடித்துக் கொண்டாடி முடித்திருப்பார்கள். இந்தியா ஜெர்சியைப் பல வருஷம் போட்டேன், ஒரு ட்ரைகூட வைக்கவில்லை. வைத்தேன், ஒன்றே ஒன்று. கடைசி ஆட்டத்தில். அது எனக்கு ஞாபகம் இல்லை.

கிழக்கே ஒரு நாட்டில் நடந்த ஆட்டம் அது. காலையிலிருந்து மழை. மைதானம் உழுது பரம்படித்த வயலாகக் கிடந்தது. இடைவேளையில் ஆரஞ்சுச் சுளையை உறிஞ்சியது ஞாபகம் இருக்கிறது, அதன் நார் பல்லில் சிக்கி நாக்கால் துழாவிக்கொண்டே மைதானத்துக்குள் திரும்பி ஓடியதும் ஞாபகம் இருக்கிறது. அதற்கு அடுத்த ஞாபகம் பஸ். ஜன்னல் ஓரம் உட்கார்ந்து ஒரு பிளாஸ்டிக் பையில் வாந்தி எடுத்துக்கொண்டிருக்கிறேன். எங்கள் கேப்டன் முதுகைத் தடவியபடி இன்னொரு கையால் போனை என் மூஞ்சிக்கு நேரே பிடித்து, “பாருடா, பாருடா” என்கிறான்.

பார்த்தேன். ஒரு குவியலிலிருந்து நான் பந்தோடு வெளியே வருகிறேன். இரண்டு பேர் மேலே தொங்குகிறார்கள். கோட்டைத் தாண்டியதும் எல்லாரும் செய்கிற மாதிரி விழாமல், நின்று, இடுப்பை மடக்கிக் குனிந்து, பந்தைச் சேற்றில் கட்டைவிரலால் அழுத்தி வைக்கிறேன். சுற்றி எல்லாரும் கத்துகிறார்கள். நான் நிமிரவே இல்லை. பந்தை அங்கேயே விட்டுவிட்டு ஓர் அடி பின்னால் வைத்து, மறுபடி குனிந்து, வெறுங்கையைச் சேற்றில் ஊன்றுகிறேன். இன்னோர் அடி பின்னால், மறுபடி ஊன்றுகிறேன். கை இடதுபக்கம் போய் வருகிறது, சேற்றில் இறங்குகிறது, கால் பின்னால் போகிறது. கோட்டோடு இப்படியே கொஞ்ச தூரம் போகிறேன்.

நாற்று நடுகிறேன்.

“என்னா செலிப்ரேஷன்டா அது! முன்னாடியே யோசிச்சு வெச்சிருந்தியா?” என்றான் கேப்டன். அவன் சென்னைக்காரன். நான் தஞ்சாவூர்ப் பக்கம் என்று அவனுக்குத் தெரியும், அதனால் அவனுக்கு எல்லாம் சரியாகப் பொருந்தியது. முதலுதவிக்காரர் பெட்டியோடு ஓடிவர, இவன்தான் குறுக்கே போய், ஒன்றுமில்லை, கொண்டாடுகிறான் என்று கையைக் காட்டித் திருப்பி அனுப்பியிருக்கிறான். அதுவும் வீடியோவில் இருக்கிறது. என்னிடம் யாரும் எந்த மைதானம் என்று கேட்கவில்லை. பிறகு மீதி ஆட்டம் முழுவதும் ஆடியிருக்கிறேன். அந்தத் தலையோடு இன்னும் எத்தனை முட்டு வாங்கினேனோ. கேப்டன்மேல் கோபப்பட்டுப் பார்த்தேன், கோபம் நிற்கவில்லை. அவன் இடத்தில் நான் இருந்திருந்தால் நானும் கைதட்டியிருப்பேன்.

நான் அந்த வீடியோவில் பார்த்தது என் கண்ணைத்தான். ஒரு நொடி கேமரா பக்கம் திரும்புகிறேன். அந்தக் கண்ணில் மைதானம் இல்லை, ஆட்டம் இல்லை, யாரும் இல்லை. செத்துப்போனவனின் கண்ணாக இருந்தாலும் பயந்திருக்க மாட்டேன். அது நிம்மதியாக இருந்தது. நான் ஒருநாளும் அப்படி நிம்மதியாக இருந்தவன் இல்லை.

ஊருக்கு வருவதற்கு முன்பே வீடியோ ஊருக்கு வந்துவிட்டது. யாரோ அதற்கு மேளச் சத்தம் சேர்த்து வாட்ஸப்பில் விட்டிருந்தார்கள். பஸ் ஸ்டாண்டில் நான் குனிந்து நடுகிற படத்தோடு ஃப்ளெக்ஸ் வைத்து, “உலக அரங்கில் நாற்று நட்ட டெல்டாவின் மைந்தன்” என்று போட்டிருந்தார்கள். கூட்டம் கூட்டமாகக் கூப்பிட்டார்கள். விவசாயிகள் மாநாட்டில், செல்போன் கடைத் திறப்பில், ஒரு காதுகுத்தில்கூட, “ஒரு தடவ செஞ்சு காட்டுங்க சார்” என்றார்கள். செய்து காட்டினேன். செய்தால் உடம்புக்காவது அந்த நிமிஷம் ஞாபகம் வருமோ என்ற நப்பாசை. இடுப்பு வலித்ததுதான் மிச்சம்.

ஒருவருக்கு மட்டும் அந்த வீடியோ பிடிக்கவில்லை. அம்மாவுக்கு.

அப்பா நான் கைக்குழந்தையாக இருக்கும்போதே போய்விட்டார். அம்மா அடுத்தவர் வயலில் நடவு நட்டுத்தான் என்னை வளர்த்தாள். விட்டுவிட்டுப் போக ஆள் இல்லாததால் என்னையும் வயலுக்குக் கூட்டிப்போவாள். வரப்பில் சும்மா உட்கார் என்றால் நான் உட்கார்ந்தால்தானே. பாம்பு வளையில் கையை விடுவேன், மேஸ்திரியின் வெற்றிலைப் பையை வாய்க்காலில் விடுவேன். கடைசியில் அம்மா என்னை நடவு வரிசையிலேயே தன் வலதுபக்கம் நிறுத்திக்கொண்டாள். ஆண்பிள்ளை நடவு நடுவதா என்று மற்ற பெண்கள் சிரிப்பார்கள். அம்மா காதில் வாங்க மாட்டாள். அவள் வரிசையிலேயே எனக்கும் ஓரமாக நாலு குத்து ஒதுக்குவாள். அந்த ஒரு வேலையில் மட்டும் நான் ஓடாமல் இருந்தேனாம். அம்மா சொல்லித்தான் தெரியும், எனக்கு அந்த வயசு அவ்வளவாக ஞாபகம் இல்லை.

நான் விளையாட்டில் தலையெடுத்து, நாங்கள் கோயில் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்த வருஷம், அம்மா ஒரு சபதம் செய்தாள். “இனிமே இந்தக் காலு சேத்துல எறங்காது.” அன்றிலிருந்து வயலுக்குச் செருப்புப் போட்டுக்கொண்டு, குடை பிடித்துக்கொண்டுதான் வருவாள். வரப்பில் நின்றபடியே எல்லா வேலையும் வாங்குவாள். ஈரம் பட்டுவிட்டால் வீட்டுக்கு வந்து சோப்புப் போட்டுக் காலைக் கழுவுவாள். அவளுடைய விரல் இடுக்கில் சேற்றுப்புண் ஆறிய தழும்பு இன்னமும் வெளுத்துக் கிடக்கிறது.

அப்படிப்பட்டவளிடம் பக்கத்து வீட்டுக்காரி போனை நீட்டி, “ஒம் மவனப் பாரு” என்றிருக்கிறாள். நான் குனிவதும் சுற்றி நிற்பவர்கள் சிரித்துக் கத்துவதும் தெரிந்ததுமே அம்மா போனைத் தள்ளிவிட்டாள். நான் ஊருக்கு வந்து சோறு தின்றுகொண்டிருக்கும்போது சொன்னாள்.

“நாங்க குனிஞ்சு குனிஞ்சு முதுகொடிஞ்சது போதாதா? அத ஊரு ஒலகமெல்லாம் கைதட்டிச் சிரிக்கிறதுக்கு ஆடிக்காட்டணுமா? ஒன்னய அதுக்கா அனுப்பிச்சேன்?”

நான் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன். உண்மையைச் சொன்னால் அவளுடைய கோபம் அந்த நிமிஷமே போய்விடும். ஆனால், “அம்மா, அது ஆட்டம் இல்ல, மண்டையில அடிபட்டு எங்க இருக்கேன்னே தெரியாம செஞ்சது” என்று சொன்னால் கோபம் போன இடத்தில் பயம் வந்து உட்கார்ந்துவிடும். ஒரே பிள்ளையை வைத்திருக்கிறவள். இரவெல்லாம் நான் மூச்சுவிடுகிறேனா என்று பார்ப்பாள். அதைவிடக் கோபம் பரவாயில்லை என்று முடிவு செய்தேன். தஞ்சாவூருக்கு டாக்டரிடம் போவதை முட்டிவலிக்கு என்று சொல்லி வைத்தோம். மனைவிக்கு இது பிடிக்கவில்லை. “அத்தை வருத்தத்தோடயே இருக்காங்க, அது மட்டும் நல்லதா?” என்பாள். நான் பைக் சாவியை எடுத்துக்கொண்டு வெளியே போய்விடுவேன்.

வருஷங்கள் ஓடின. பஸ் ஸ்டாண்ட் ஃப்ளெக்ஸ் வெளுத்ததும் யாரோ கழற்றிக் கொண்டுவந்து எங்களிடமே கொடுத்தார்கள். ஒரு மழைநாளில் களத்தில் கிடந்த நெல் அம்பாரத்தை மூட வேறு படுதா இல்லாமல் அதைத்தான் போர்த்தினோம். நெல்லின்மேல் நான் குனிந்து கிடந்தேன். அம்மா குடையோடு வந்து பார்த்தாள். “இப்பத்தான் உருப்படியா ஒரு வேலைக்கு ஆச்சு” என்றாள். எனக்குச் சிரிப்பு வந்தது. அன்றைக்கும் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை, களத்தைச் சுற்றிச் சுற்றி நடந்தேன்.

போன புரட்டாசியில்தான் இந்த ரகசியம் உடைந்தது. என் மனைவி வேலை பார்க்கிற பள்ளிக்கூடத்தில் விளையாட்டு விழா. தலைமையாசிரியர் நேரே வீட்டுக்கே வந்துவிட்டார். நல்ல மனிதர், உற்சாகம் கொஞ்சம் அதிகம். நான்தான் சிறப்பு விருந்தினராம், அம்மாவையும் மேடையில் ஏற்றிப் பொன்னாடை போர்த்த வேண்டுமாம். நான் ஒரு சாக்குத் தேடுவதற்குள் அம்மா, “மருமவ பள்ளிக்கூடமாச்சே, வராம இருப்பனா” என்றுவிட்டாள்.

வாசல்வரை போய் அவரிடம் தனியாகக் கெஞ்சினேன். “சார், அந்த வீடியோ மட்டும் வேண்டாம்.”

“என்ன சார் நீங்க, எல்.இ.டி ஸ்க்ரீனே சொல்லியாச்சு! பிள்ளைங்க டான்ஸ் வேற பழகியிருக்காங்க. உங்களுக்கு எவ்வளவு தன்னடக்கம்!” என்று என் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போய்விட்டார்.

விழா அன்று காலை அம்மா பட்டுப்புடவை கட்டிக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்தாள். நான் பக்கத்தில். என் தொடை துள்ளிக்கொண்டே இருந்தது, இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த மனைவி அதைக் கையால் அழுத்திப் பிடித்துப் பார்த்தாள். மேளச் சத்தம் போட்டார்கள். பச்சைப் பாவாடையும் பச்சை வேட்டியுமாகப் பிள்ளைகள் வரிசை வரிசையாக வந்தார்கள். குனிந்தார்கள், நட்டார்கள், கையை இடதுபக்கம் ஆட்டினார்கள், ஓர் அடி பின்னால் வைத்தார்கள், நிமிர்ந்து சிரித்தார்கள். என் மூளை கலங்கிப்போன நிமிஷத்தைப் பள்ளிக்கூடமே சேர்ந்து தாளத்தோடு ஆடுகிறது. பெற்றோர்கள் போனைத் தூக்கிப் படம் எடுக்கிறார்கள். எழுந்து ஓடிவிடலாம் என்று இருந்தது. அம்மா முந்தானை நுனியைச் சுருட்டிச் சுருட்டி விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள், மேடையைப் பார்க்கவே இல்லை.

டான்ஸ் முடிந்ததும் அந்தப் பெரிய திரையில் வீடியோ ஓடியது. பாதியில் தலைமையாசிரியர் மைக்கில், “மெதுவா ஓட்டுங்க, மெதுவா!” என்றார். மெதுவாக ஓட்டினார்கள். ஓர் ஆள் உயரத்துக்கும் மேலே என் உருவம் சேற்றில் குனிந்து நின்றது. வேறு போக்கிடம் இல்லாமல் அம்மா நிமிர்ந்து பார்த்தாள்.

என் வெறுங்கை மெதுவாக இடதுபக்கம் போகிறது. முட்டி உயரத்தில் காற்றில் ஒரு நொடி நிற்கிறது. விரல்கள் எதையோ வாங்கிக்கொள்வதுபோல மூடுகின்றன. பிறகு சேற்றில் இறங்குகிறது.

அம்மாவின் கை முந்தானையை விட்டுவிட்டது. அவள் நாற்காலியில் முன்னால் நகர்ந்து, இன்னொரு தடவை அந்தக் கை போய் வருவதைப் பார்த்தாள். இன்னொரு தடவை. பிறகு எழுந்து, யாரையும் பார்க்காமல், வரிசைக்கு நடுவே நடந்து, தண்ணீர்க் குழாய்ப் பக்கம் போய்விட்டாள். தலைமையாசிரியர் மைக்கில், “தாயின் ஆனந்தக் கண்ணீர்!” என்றார். எல்லாரும் கைதட்டினார்கள்.

நான் பேச வேண்டிய முறை வந்தது. மைக்கைப் பிடித்து, “இது கொண்டாட்டம் இல்ல. அன்னைக்கு எனக்குத் தலையில அடிபட்டிருந்துச்சு. நான் எங்க இருக்கேன்னே எனக்குத் தெரியாது” என்றேன். முதல் தடவையாக ஊர் அறியச் சொல்கிறேன். தலைமையாசிரியர் என் கையிலிருந்து மைக்கை வாங்கி, “பாத்தீங்களா? சுயநினைவு இல்லாத போதும் இந்த மண்ணை மறக்காதவர்!” என்றார். முன்னைவிடப் பலமாகக் கைதட்டினார்கள். எனக்கு அவரை அப்படியே இடுப்பில் கட்டித் தூக்கிக் கீழே போட வேண்டும்போல இருந்தது. முறைப்படி எப்படிப் போடுவது என்று எனக்குத் தெரியும்.

ஆட்டோவில் வீட்டுக்குத் திரும்பினோம். விழா முடிவில் போர்த்திய பொன்னாடையை மடித்து மடியில் வைத்துக்கொண்டு அம்மா வெளியே பார்த்தபடி வந்தாள். நான் மேடையில் பேசியது அவள் காதில் விழுந்ததா என்றும் தெரியவில்லை, ஆனால் தண்ணீர்க் குழாய்ப் பக்கமும் ஓர் ஒலிபெருக்கி கட்டியிருந்தார்கள். வீட்டுக்கு வந்து பழைய புடவைக்கு மாறினாள். செருப்பையும் குடையையும் எடுத்துக்கொண்டு வயலுக்குக் கிளம்பினாள். எப்போதும்போல, வேலை நடக்கிறதா என்று பார்க்கத்தான் போகிறாள் என்று நினைத்துப் பின்னாலேயே போனேன்.

சம்பா நடவு நடந்துகொண்டிருந்தது. அந்த வயல் பள்ளம், தண்ணீர் நிற்கும், நடவு இயந்திரம் இறங்கினால் புதைந்துவிடும். அதனால் மேற்கு வங்காளத்திலிருந்து வருகிற ஆட்களைத்தான் விட்டிருந்தோம். இப்போது எங்கள் பக்கம் பாதி நடவு அவர்கள் கையில்தான். ஆண்களே வரிசையாக நின்று கயிறு பிடித்து நடுகிறார்கள், சிரிப்பதற்கு யாரும் இல்லை. ரக்பி முகாம்களில் பொறுக்கிய அரைகுறை இந்தியில் நான்தான் அவர்களோடு பேசுவேன். அவர்கள் நிமிர்ந்து அம்மாவுக்கு வணக்கம் வைத்தார்கள்.

அம்மா குடையை மடக்கி வரப்பில் வைத்தாள். செருப்பைக் கழற்றினாள். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சேற்றில் இறங்கினாள்.

“அம்மா, என்ன பண்ற?” என்று கத்திவிட்டேன். அவள் திரும்பவில்லை. வரிசை ஓரத்தில் கிடந்த ஒரு நாற்று முடியை எடுத்துக் கட்டை அவிழ்த்து இடது கையில் வைத்துக்கொண்டாள். தன் வலதுபக்கம் இடம் விட்டு நின்று, “வா” என்றாள்.

பேன்ட்டை மடக்கிக்கொண்டு இறங்கினேன். வங்காளத்து ஆட்கள் நடுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். அம்மா குனிந்து சேற்றைப் பார்த்தபடியே கேட்டாள்.

“முட்டிக்கா டாக்டர்கிட்ட போற?”

“இல்ல. தலைக்கு.”

“என்ன சொல்றாரு?”

“இப்போதைக்கு ஒண்ணும் இல்லைங்கிறாரு. பின்னாடி வந்தாலும் வரலாமாம்.”

அவள் நட்டுக்கொண்டே ஓர் அடி பின்னால் வைத்தாள். இத்தனை வருஷம் கழித்தும் இடைவெளி பிசகவில்லை.

“அப்ப ஒனக்கு நாத்து முடியப் புடிக்கத் தெரியாது. கை சின்னது. நான்தான் ஒவ்வொரு தடவையும் பிரிச்சு ஒங்கிட்ட நீட்டுவேன். நீ பாக்காமலே வாங்குவ” என்றாள். கை சேற்றிலேயே நின்றது. “அங்க எத்தன தடவடா கைய நீட்டுன? நான் இல்லையேடா பக்கத்துல.”

எத்தனையோ தடவை பார்த்த வீடியோ அது. கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன், கையைப் பார்க்கவில்லை. அந்தக் கண் ஏன் அவ்வளவு நிம்மதியாக இருந்தது என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. வாயைத் திறந்தால் அழுதுவிடுவேன் என்று குனிந்துகொண்டேன்.

அம்மா திரும்பிப் பார்க்காமல் கையை நீட்டினாள், முட்டி உயரத்தில். என் கை தானாக இடதுபக்கம் போனது. இதுவும் அந்த மாதிரிதானோ? இப்போது நான் வேறு எங்காவது, யாரோ கைதட்டிக்கொண்டிருக்கிற இடத்தில் குனிந்து நிற்கிறேனோ? மனைவியின் கேள்விகளை எனக்கு நானே கேட்டுக்கொண்டேன். என்ன கிழமை? வெள்ளி. நேற்று என்ன குழம்பு? கத்தரிக்காய். இது எந்த இடம்? பதிலுக்குக் கையைப் பார்த்தேன்.

கையில் நாற்று இருந்தது. வேரிலிருந்து சேறு வழிந்து மணிக்கட்டில் இறங்கியது.

“நடு” என்றாள் அம்மா. நட்டுவிட்டு, ஓர் அடி பின்னால் வைத்து, மறுபடி கையை நீட்டினேன்.